இருநூறு வீடு போதும்

ஜன்னல் துடைக்கக் காசு கொடுத்து ஆள் வைப்பது காவிரிப் படுகைக்குப் புதிய பழக்கம். முற்றமும் திண்ணையுமாக இருந்த ஓட்டு வீடுகளில் துடைப்பதற்குக் கண்ணாடியே கிடையாது. இரும்புக் கம்பியும் மரக்கதவும்தான் ஜன்னல். அடுத்து வந்த மாடி வீடுகளில் பூப்போட்ட கண்ணாடி கொஞ்சம் இடம்பிடித்தது. அதையும் போகிக்கு முன்னால் பழைய செய்தித்தாளை நனைத்து வீட்டில் இருப்பவர்களே துடைத்து முடித்தார்கள். இப்போது மயிலாடுதுறையின் புது நகர்களில் எழும் வீடுகள் வேறு மாதிரி. முகப்பில் ஆள் உயரக் கண்ணாடி, நகரும் யுபிவிசி ஜன்னல், அதை ஒட்டிக் கொசுவலை, வெளியே கிரில். மாடி ஜன்னலின் வெளிப்பக்கம் வீட்டுக்காரரின் கைக்கு எட்டாது. எட்டாத அந்தப் பக்கத்தில்தான் ஒரு சிறு தொழிலுக்கு இடம் பிறந்திருக்கிறது.

இரண்டு மூன்று பேர், ஒரு அலுமினிய ஏணி, ரப்பர் வைப்பர், வாளி, நீளக் கம்பு, ஒரு பைக். முதலீடு அவ்வளவுதான். ஆனால் ஜன்னலை மட்டும் துடைத்து மாவட்டத் தலைநகர் ஒன்றில்கூடப் பிழைக்க முடியாது. மேல்நிலைத் தொட்டி கழுவுவது, எக்ஸாஸ்ட் ஃபேன், சோபா, குடிபுகுமுன் வீடு முழுக்கத் துப்புரவு, இவற்றோடு மொட்டைமாடி சோலார் பலகைகளும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். வீட்டுக் கூரை சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிறகு, தூசு துடைக்க வேண்டிய கண்ணாடி கூரைக்கும் ஏறிவிட்டது.

இந்தத் தொழிலுக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை மாட்டச் சுவர் இல்லை. பட்டமங்கலத் தெருவில் ஜவுளிக்கடைக்குப் போகிறவர் வழியில் பார்த்துவிட்டு உள்ளே நுழைய வாய்ப்பில்லை. வாடிக்கையாளரைத் தேடித்தரும் செயலிகள், 2014-இல் தொடங்கிய அர்பன் கம்பெனி போன்றவை, பெருநகரங்களையே குறிவைத்து வளர்ந்தவை. எனவே எல்லாப் பாரமும் செல்பேசியின் மேல் விழுகிறது: வாட்ஸ்அப், கூகுள் மேப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்த பிறகு இவை கிராமம் வரை போய்விட்டன. எதை வைத்து, யாரை, எதற்காகப் பிடிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்குக் காரணம் எண்ணிக்கை மயக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேர் கொண்ட குழு ஒரு நாளில் இரண்டு வீட்டைச் சுத்தமாக முடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 வேலை நாள் என்றால் 50 வீடு. ஒவ்வொரு வீடும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் மொத்தம் 200 வீடு இருந்தாலே வருடம் முழுக்கக் கைநிறைய வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மயிலாடுதுறை நகராட்சியில் சுமார் 85,000 பேர். அதில் 200 வீடு என்பது சில தெருக்களுக்குள் அடங்கும் எண். லட்சம் பேர் பார்த்த ரீல்ஸ் ஒன்றை மதுரையிலும் மலேசியாவிலும் ரசித்தவர்களால் இந்தக் குழுவுக்கு ஒரு வாளித் தண்ணீர் வேலைகூட வராது.

துப்புரவு வீடியோவுக்கு உலகம் முழுக்கக் கூட்டம் இருப்பது உண்மை. பின்லாந்தைச் சேர்ந்த அவுரி கனானென், மனச்சோர்வில் வீட்டைக் கவனிக்க முடியாமல் போனவர்களின் வீடுகளை இலவசமாகத் துப்புரவு செய்து படமெடுத்து, பல லட்சம் பேர் பின்தொடரும் புகழை அடைந்தார். அங்கே வீடியோவே தொழில். வருமானம் பார்வையாளர்களால் வருகிறது. மயிலாடுதுறையின் ஏணிக்காரருக்கு வருமானம் வீட்டுக்காரரிடமிருந்து. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நாலு வீடு துடைக்கும் நேரத்தை வீடியோவுக்குத் தாளம் சேர்ப்பதில் செலவிடுகிறவர்கள் பாவம்.

முதலில் வாட்ஸ்அப்

சிறு ஊரில் முதலிடம் வாட்ஸ்அப்புக்கே. சிறு வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் வந்தது, இலவசம். சாதாரண வாட்ஸ்அப்பில் இல்லாத சில வசதிகள் அதில் உண்டு. விலைப்பட்டியலைப் படத்தோடு கேட்டலாக் ஆகப் போடலாம். ஏணி மேல் நிற்கும்போது யாராவது செய்தி அனுப்பினால் தானாகப் பதில் போகும். வாடிக்கையாளர்களுக்கு லேபிள் ஒட்டலாம்: விசாரித்தவர், வேலை முடிந்தது, பணம் பாக்கி.

பட்டியலில் விலை போடலாமா என்பது வழக்கமான விவாதம். விலையைச் சொன்னால் போட்டியாளர் குறைத்துவிடுவார் என்ற பயத்தில் பலரும் ‘நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று எழுதுகிறார்கள். கேட்பவருக்கோ கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லத் தயக்கம். அதனால் கூப்பிடுவதே இல்லை. ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு முதல், கொசுவலை கழற்றிக் கழுவினால் இவ்வளவு கூடுதல் என்று தொடக்க விலையாவது இருப்பது நல்லது. ஜன்னல்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி மதிப்பு கூறினால் ஒரு நடை பெட்ரோலும் மிச்சம்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தங்கள் செல்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். 24 மணி நேரம் நிற்கும் ஸ்டேட்டஸுக்கும் இதே போன்ற கட்டுப்பாடு: இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் பதிந்திருக்க வேண்டும். ஆக, வேலை முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் விளம்பரப் பணி, வாடிக்கையாளரை எண்ணைப் பதிய வைப்பது. ‘வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தை அனுப்புறோம்மா, நம்பரை ஜன்னல் கிளீனிங்னு போட்டு வச்சுக்குங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த தடவை தேடும்போதும் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

பதிந்தவர்களுக்குத் தினமும் ரோஜாப்பூப் படத்தில் காலை வணக்கம் அனுப்புவது வேறு கதை. அது உறவினர்களிடமே தாங்கவில்லை. தொல்லையென்று பலர் புகார் செய்தால் கணக்கையே வாட்ஸ்அப் முடக்கிவிடக்கூடும். மாதத்துக்கு ஒன்று, அதுவும் ஒரு காரணத்தோடு இருந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தெருக் குழு, குடியிருப்போர் சங்கக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு என ஊர் முழுக்க வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் தொழில் செய்கிறவர் தானே நுழைந்து நோட்டீஸ் போட்டால் அது விளம்பரம்; யாரும் படிக்க மாட்டார்கள். வேலை வாங்கிய வீட்டுக்காரர் ‘எங்க வீட்டுக்கு வந்தாங்க, நல்லா செஞ்சாங்க’ என்று இரண்டு படம் போட்டால் அது சிபாரிசு. முன்பு கோயில் பிரகாரத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் நடந்த அதே பேச்சுதான் இது. அப்படிப் பகிர்வதற்கு ஏற்றபடி நல்ல படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வருவதோடு தொழில்காரரின் வேலை முடிந்தது.

வீடு இங்கே, வீட்டுக்காரர் அங்கே

காவிரிப் படுகைக்கென்று ஒரு தனி நிலைமை உண்டு. நீடூர், வடகரை, அரங்கக்குடி போன்றவை வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று வெளிநாட்டுச் சம்பாத்தியம் தலைமுறைகளாகத் தொடரும் ஊர்கள். மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி வட்டாரத்தின் மற்ற ஊர்களிலும் சென்னை, பெங்களூரு, அமெரிக்கா என்று பிள்ளைகள் போய்விட்ட வீடுகள் நிறைய. பெரிய கண்ணாடி வைத்த வீடுகள் பெரும்பாலும் இவைதான். வீட்டில் வயதான பெற்றோர் இருப்பார்கள், அல்லது பூட்டியே கிடக்கும். வேலைக்குச் சொல்லிப் பணம் அனுப்புகிறவர் ஒருவர், வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர் வேறொருவர்.

இந்த இடைவெளியை நிரப்புவதில்தான் சமூக ஊடகம் இங்கே உண்மையாகப் பயன்படுகிறது. துபாயில் இருப்பவருக்கு மயிலாடுதுறைச் சுவரொட்டி தெரியாது. ஊர்க்காரர்கள் பகிரும் ஸ்டேட்டஸ் தெரியும். ஒவ்வொரு ஜன்னலையும் துடைக்குமுன் ஒரு படம், துடைத்தபின் ஒரு படம், கடைசியில் வீட்டைச் சுற்றி வந்து ஒரு நிமிட வீடியோ. இதை அனுப்பினால் அவருக்கு வேலை நடந்ததற்குச் சாட்சி கிடைக்கிறது. கூடவே அம்மா அப்பா இருக்கும் வீட்டையும் பார்த்த மாதிரி ஆகிறது. பணம் கைக்கு வந்த சேதியை விடவும், அந்த வீடியோவை அவர் தன் அறை நண்பர்களிடம் காட்டினார் என்பதே தொழிலுக்குப் பெரிய லாபம். அறை நண்பருக்கும் வடகரையில் ஒரு வீடு இருக்கும்.

நேரமும் இதை ஒட்டியே அமைகிறது. இந்திய நேரம் இரவு 7 மணிக்குப் போடும் பதிவு சிங்கப்பூரில் இரவு 9.30-க்கும் துபாயில் மாலை 5.30-க்கும் கண்ணில் படும். இரண்டுக்கும் தோதான நேரம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. சவுதி, குவைத், கத்தாரில் வெள்ளி, சனிதான் விடுமுறை. வீட்டுக் காரியங்களை ஆற அமரப் பேச அந்த நாட்களே வாய்க்கும்.

அதே வீடியோ மூன்றாவது ஒரு வேலையும் செய்கிறது. புது வீட்டுக் கண்ணாடியில் சிமெண்டு, பெயிண்டுத் துளிகள் ஒட்டியிருக்கும். பிளேடு வைத்துச் சுரண்டும்போது கீறல் விழுவதுண்டு. ஏற்கெனவே இருந்த கீறலுக்கும் பழி துடைத்தவர் மேல்தான் வரும். வேலை தொடங்குமுன் எடுத்த படம் கையில் இருந்தால் அந்தச் சண்டை நடக்காது. விளம்பரத்துக்காக எடுப்பது சாட்சியாகவும் நிற்கிறது.

ஆபத்தும் இதே இடத்தில்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகப்பைக் காட்டி, ‘துபாயில் இருக்கும் வாடிக்கையாளரின் வீடு, இன்ன நகர்’ என்று பெருமையாக ரீல்ஸ் போடுவது திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது. தெருப் பெயர், கதவு எண், வாசல், வண்டி எண், பீரோ, சாமி அறை, குழந்தைகள், சுவரில் தொங்கும் குடும்பப் படம், எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. கண்ணாடியில் எதிரொளிக்கும் எதிர்வீட்டையும் கவனிக்க வேண்டும். வேலை நடந்த அன்றே போடாமல் சில நாள் கழித்துப் போடுவது நல்லது. வீட்டுக்காரரிடம் பொதுவில் போட அனுமதி கேட்டு, அவர் ‘சரி’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியதை வைத்துக்கொள்வது பின்னால் இருதரப்புக்கும் நிம்மதி. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் இந்தியாவில் தனிச் சட்டமே வந்துவிட்டது.

அனுமதி வாங்க வேண்டிய இன்னொருவர் உண்டு. அவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் வேலை செய்கிற ஆள். துப்புரவு வேலையைச் சாதியோடு சேர்த்துப் பார்க்கும் சமூகத்தில், தான் ஜன்னல் துடைப்பதை உறவினர் செல்பேசியில் பார்ப்பதை ஓர் இளைஞர் விரும்பாமல் இருக்கலாம். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் நேரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். இன்னொருவர் சீருடை போட்டுக்கொண்டு கேமரா முன் நின்று தன் கைத்திறனைக் காட்டுவதில் பெருமைப்படுவார். முதலாளி தீர்மானிக்கக் கூடியதல்ல இது. முகம் காட்டாமல் கையையும் வைப்பரையும் மட்டும் காட்டினாலே வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது.

எதைப் படம் பிடிப்பது

வைப்பர் கண்ணாடியில் ஒரு வீச்சில் இறங்கும்போது அழுக்குக்கும் தெளிவுக்கும் நடுவே ஒரு கோடு நகர்கிறது. கண் அதை விடாமல் பார்க்கிறது. ஒற்றை ரப்பர் பட்டை வைத்த இந்தக் கருவிக்கு, அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரான எட்டோரே ஸ்டெக்கோனே 1936-இல் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய அதே வடிவம்தான் இன்றும் புழக்கத்தில். அந்த ஒரு கோடு போதும், வேறு அலங்காரம் தேவையில்லை. செல்பேசியைச் செங்குத்தாக ஒரே இடத்தில் நிறுத்தி, முதல் நொடியிலேயே அழுக்கைக் காட்டி, பாதிக் கண்ணாடியைத் துடைத்து நிறுத்தினால் 20 நொடியில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

வெளிச்சம் முக்கியம். வெயில் எதிரிலிருந்து விழும்போதுதான் தூசு தெரியும். காலை நேரத்தில் கிழக்கு ஜன்னலை உள்ளிருந்து எடுத்தால் ஒவ்வொரு விரல் தடமும் பதியும். துடைப்பதற்கு மட்டும் நேர் வெயில் ஆகாது. சோப்புத் தண்ணீர் காய்ந்து கோடு கோடாக நிற்கும். படம் எடுத்துவிட்டு வெயில் நகர்ந்த பிறகு துடைப்பதே சரியான வரிசை.

பாட்டு விஷயத்தில் ஒரு சிக்கல். இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான சினிமாப் பாடல்கள் கிடைக்காது. உரிமைச் சிக்கல் இல்லாத ஒலித்தொகுப்பையே பயன்படுத்த வேண்டும். கண்ணாடியில் ரப்பர் வழுக்கும் சத்தமும், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சில் இரண்டு வாக்கியமும் அதைவிட நன்றாக எடுபடும்.

வெறும் முன், பின் படங்களுக்கு அப்பால், வீட்டுக்காரருக்குப் பயன்படும் சேதியைச் சொல்லும் பதிவுகள் நீண்ட நாள் நிற்கும். அதற்கு இந்த மாவட்டத்தில் பொருள் ஏராளம். முதலாவது உப்புக் கறை. கடலோரமான கொள்ளிடம், சீர்காழி, செம்பனார்கோயில் வட்டாரங்களில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. போர் தண்ணீரை ஜன்னலில் பீய்ச்சியடித்துவிட்டு அப்படியே காயவிட்டால், தண்ணீர் ஆவியாகி அதிலிருந்த கால்சியம், மெக்னீசிய உப்புகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். கழுவக் கழுவ ஜன்னல் மங்குவதன் ரகசியம் இதுதான். எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற மிதமான அமிலத்தில் புதிய புள்ளிகள் கரையும். பல வருடம் ஊறிய கறை கண்ணாடியையே அரித்திருக்கும், அதற்குத் துடைத்துப் பயனில்லை. கழிப்பறைக்கு வாங்கிய ஆசிடை ஊற்றினால் கறை போகும். அலுமினியச் சட்டமும் கூடவே போகும். பிரிட்டனில் ஜன்னல் துடைப்பவர்கள் உப்பு நீக்கிய சுத்த நீரை நீளக் கம்பு வழியே அனுப்பித் தேய்க்கிறார்கள். காய்ந்தாலும் புள்ளி விழாது, ஏணியும் ஏற வேண்டாம். உயரத்தில் வேலை செய்வோருக்கான 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் அந்த முறை அங்கே வேகமாகப் பரவியது. மயிலாடுதுறையில் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்துப் போகும் குழு, அதற்கான காரணத்தை விளக்கி ஒரு வீடியோ போட்டால், கேட்பவருக்கு இவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று புரிந்துவிடும்.

தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் வயலில் ஓடினால் பதர்த்தூசு பக்கத்து நகர்களின் கொசுவலைகளில் வந்து அடைகிறது. வலை அடைபட்டால் காற்றும் வராது. தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் கடற்காற்று கொண்டுவரும் உப்பு நகரும் ஜன்னலின் உருளைகளை இறுக்கிவிடும். ஜன்னல் மூலையில் குளவி கட்டும் மண்கூடு தனி விவகாரம். குளவிக்கூடு வந்தால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம்புகிற வீடுகள் உண்டு. கேட்காமல் இடித்துவிட்டால் அந்த வீட்டு வேலை அத்தோடு சரி. இடிக்குமுன் கேட்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு ரீல்ஸ் ஊருக்குள் நன்றாகச் சுற்றும்.

கூடவே கூடாதது ஒன்று: வெறுங்காலோடு சன்ஷேடு மேல் நின்று, ஒரு கையால் கிரில்லைப் பிடித்துக்கொண்டு துடைக்கும் காட்சி. அதை வீரமாக நினைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கும் வீட்டுக்காரருக்கு முதலில் தோன்றுவது, நம் வீட்டில் விழுந்தால் யார் பொறுப்பு என்பதே. சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்கள் ஜன்னல் துடைக்கும்போது விழுந்து இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2012-இல் அரசு விதி கொண்டுவந்தது. கிரில் பூட்டியிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் மேற்பார்க்க வேண்டும். இல்லையென்றால் மாடி ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்லக்கூடாது. அங்கே இருந்துவிட்டு வந்த வாடிக்கையாளர் பாதுகாப்பு பெல்ட்டைத்தான் முதலில் தேடுவார்.

கூகுள் மேப்பும் கட்டண விளம்பரமும்

அவசரமாக ஆள் தேடுகிறவர் இன்ஸ்டாகிராமில் தேடுவதில்லை, கூகுளில் தேடுகிறார். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, போய் வேலை செய்யும் ஊர்களை மட்டும் குறிக்கலாம். ஊர்ப் பெயர் 1982-இல் மயிலாடுதுறை என்று மாறினாலும் தேடுகிறவர்கள் மாயவரம் என்றும் தட்டுவார்கள், அதையும் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். தொழில் விவரத்தில் எல்லா வடிவமும் இருக்க வேண்டும். யாரை முதலில் காட்டுவது என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்துக் கூகுள் தீர்மானிக்கிறது. பிரபலத்தில் வாடிக்கையாளர் மதிப்புரைகளுக்குப் பங்கு உண்டு.

மதிப்புரை கேட்க நல்ல நேரம், யுபிஐயில் பணம் வந்து சேர்ந்த அந்த நிமிடம். அதற்கான இணைப்பை உடனே அனுப்பி, தமிழிலேயே இரண்டு வரி எழுதச் சொல்லலாம். ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்று பேரம் பேசுவது கூகுள் விதிக்கு விரோதம். மச்சான், மாமா பெயரில் எழுதிக்கொள்வது இன்னும் மோசம். சிறு ஊரில் யார் யாருக்கு மாமா என்பது எல்லோருக்கும் தெரியும். இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரக்குறியீட்டையே வெளியிட்டிருக்கிறது. மோசமான மதிப்புரை வந்தால் சண்டை போடாமல், போய்ப் பார்த்துச் சரிசெய்து, அதைப் பதிலாக எழுதுவதே நல்லது. அந்தப் பதிலைப் படிப்பவர்கள் அடுத்த வாடிக்கையாளர்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை ஊரை மையமாக வைத்துக் குறிப்பிட்ட கிலோமீட்டர் வட்டத்துக்குள் மட்டும் காட்ட முடியும். இதைச் செய்யாமல் ‘பூஸ்ட்’ பொத்தானை அமுக்கிவிட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பணத்தை இறைப்பது பலர் செய்வது. விளம்பரத் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். இருநூறு வீட்டுக் கணக்கு உள்ள தொழிலுக்கு வருடம் முழுக்கக் கட்டண விளம்பரம் தேவைப்படாது. பண்டிகைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் போதும். உள்ளூர் சாப்பாட்டு வீடியோக்காரரிடம் காசு கொடுத்துப் பேசச் சொன்னால், அது விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2021-இல் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது.

கடைகள், வங்கிகள், மருத்துவமனைகள், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருபவர்கள் தங்கும் விடுதிகள், வைத்தீஸ்வரன்கோயில் லாட்ஜுகள் எல்லாம் மாத ஒப்பந்தத்துக்கு உரியவை. இந்த வேலை நேரில் போய்ப் பேசித்தான் கிடைக்கும். பேசிவிட்டு வந்த பிறகு மேலாளர் செல்பேசியில் ஒருமுறை தேடிப் பார்ப்பார்; அப்போது தொழிலின் சமூக ஊடகப் பக்கத்தில் ஏதாவது இருந்தால் சரி.

எண்ணைப் பொதுவில் போட்டவுடன் வாடிக்கையாளருக்கு முன்னால் மோசடிக்காரர் வந்துவிடுவதும் உண்டு. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வீடு துப்புரவுக்கு முன்பணம் அனுப்புவதாகக் கூறி, க்யூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வது பழகிப்போன தந்திரம். யுபிஐயில் பணம் பெற ரகசிய எண்ணை (PIN) போடவே தேவையில்லை. கூகுளில் பெயர் வருவதற்குக் கட்டணம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளும் இதே வகை.

நாள்காட்டி

இந்தத் தொழிலின் விளம்பரம் தமிழ் மாதங்களை ஒட்டியே ஓட வேண்டும். போகிக்கு முந்தைய வாரம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். அதனால் மார்கழி பிறந்ததுமே ‘போகிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்’ என்று பதிவு போட்டு வேலையைப் பரப்பிவைப்பது புத்திசாலித்தனம். தை முதல் கல்யாண வீடுகள். மே, ஜூனில் வெளிநாட்டுக் குடும்பங்கள் விடுமுறைக்கு வருமுன் பூட்டிய வீடுகளைத் திறந்து துடைக்க அழைப்பு வரும். ஆடியில் கல்யாணமும் கிரகப்பிரவேசமும் இல்லை. தொட்டி கழுவும் வேலையை முன்னிறுத்தலாம். ஆவணியில் புதுமனை புகுவிழா, ஆயுத பூஜைக்குக் கடைகள். ரமலானும் பெருநாளும் ஆண்டுதோறும் முன்னகர்வதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நீடூர், வடகரைப் பக்கம் அதுவே பெரிய பருவம்.

ஐப்பசியில் காவிரியின் துலாக் கட்டத்தில் நீராடக் கூட்டம் இருக்கும்; ஜன்னல் வேலை இருக்காது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துடைத்த கண்ணாடி மறுநாளே சேறு தெறித்து நிற்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது; அப்படிப்பட்ட நாட்களில் ஜன்னல் துப்புரவு விளம்பரம் போடுவது அபத்தம் மட்டுமல்ல, மனிதாபிமானமும் இல்லை. அந்த மாதங்களில் உள்வேலைகள், சோபா, சமையலறை, மழை நின்றதும் தொட்டி. ஊடகப் பக்கமும் அதற்கேற்ப அடங்கி இருக்கலாம்.

நோட்டுப் புத்தகம்

இத்தனை செய்தாலும் இடம் சொந்தமல்ல. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, அதில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து, மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் நின்றுபோயின. சிறு தொழில்களுக்குக் கூகுள் இலவசமாக அமைத்துத் தந்த இணையப் பக்கங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

ஆகவே, வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், தெரு, ஜன்னல் எண்ணிக்கை, கடைசியாகத் துடைத்த தேதி ஆகியவற்றைக் கையால் ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவசியம். நான்கு மாதம் ஆனவர்களை அதைப் பார்த்துக் கூப்பிடலாம். அதே நோட்டில் இன்னொரு பத்தி கட்டாயம் வேண்டும்: ‘எங்களை எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேட்டு, வந்த பதிலை எழுத வேண்டும். பக்கத்து வீடு, ஸ்டேட்டஸ், கூகுள், இன்ஸ்டாகிராம், துபாயில் அண்ணன் சொன்னார் என்று பதில் பலவாறு வரும். ஆறு மாதம் எழுதிப் பார்த்தால், எதற்கு நேரமும் பணமும் செலவழிப்பது, எதை விட்டுவிடுவது என்பது அந்தப் பத்தியிலேயே தெரியும். ஒரு வருடத்தில் இன்ஸ்டாகிராம் என்ற சொல் அதில் இரண்டு தடவைதான் வந்திருக்கிறது என்றால், ரீல்ஸுக்குச் செலவழிக்கும் மாலை நேரத்தைப் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிடுவதற்கு மாற்றிக்கொள்ளலாம்.